நட்டுவாக்காலியின் ட்ரம்மர்

"நட்டுவாக்காலி குழந்தைசாமி வீடு இதுதானுங்களே?" என்று வாசலில் நின்ற பெண் கேட்டதும், மோகனப்ரியா அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். பாதி நறுக்கிய கத்தரிக்காய் தட்டிலேயே கிடந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினாலு வருஷமாக நர்ஸ். விஷ ஜந்துக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. கந்தர்வக்கோட்டையைச் சுற்றியுள்ள முந்திரிக்காடுகளில் யாரை எது கடித்தாலும் கொட்டினாலும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இந்த வாசலில் ஒரு தடவை வண்டி நிற்கும்.

"யாரக் கொட்டுச்சு? எந்த எடத்துல? கொட்டி எவ்வளவு நேரமாச்சு?"

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். அவளுக்குப் பின்னால், காரிலிருந்து இறங்கி வேட்டியைச் சரி செய்துகொண்டிருந்த பெரியவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, அறுபத்தைந்து வயதிருக்கும். அந்தப் பெண்ணோ கறுப்பு பனியன் போட்டிருந்தாள். அதில் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரிய நட்டுவாக்காலி. மோகனப்ரியாவுக்கு இரண்டு பேரையும் ஒரே காரில் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. இடம் சமன் பண்ணக் கணவனுடைய ஜேசிபியைக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று கடைசியாக ஒரு முடிவுக்கு வந்தாள்.

"அவரு கொளத்துல மண்ணு அள்ளிக்கிட்டு இருக்காரு. சாப்பாட்டுக்குத்தான் வருவாரு. உள்ள வாங்க."

உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நட்டுவாக்காலி என்பது ஒரு பாட்டுக் குழுவின் பெயர். பெங்களூரில் இருந்த ஹெவி மெட்டல் குழு. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் ட்ரம்ஸ் வாசித்தது குழந்தைசாமி.

"குரூப்புல இருந்தேன்னு சொல்லியிருக்காரு" என்றாள் மோகனப்ரியா. கல்யாணமான புதிதில் ஒருநாள் சொன்னான். கச்சேரி மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு என்று நினைத்துக்கொண்டு, எந்தப் படத்துப் பாட்டெல்லாம் வாசிப்பீங்க என்று கேட்டாள். அவன் சிரித்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தப் பெண் கார்த்திகா, புதுக்கோட்டையில் பல் டாக்டர். பெரியவர் சோலையப்பன், அரிமளம் பக்கம் சொந்த ஊர், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதுகளில் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பக்கத்து அறைக்காரன் இந்த மாதிரிப் பாட்டுக்குப் பழக்கிவிட்ட காது என்று தன்னைப் பற்றிச் சொன்னார். வீட்டில் மனைவிக்கு இந்தச் சத்தம் ஆகாது என்பதால் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்பாராம். இணையத்தில் ஒரு பாட்டுக்குக் கீழே அவர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, ஓநாய் படம் வைத்த அந்த ஆளை யாரோ காலேஜ் பையன் என்று நினைத்து கார்த்திகா ஆறு மாதம் 'மச்சி' என்றே எழுதிக்கொண்டிருந்தாளாம்.

"அப்புறம் ஒருநாள் போன் பண்ணாரு. 'நான் சோலையப்பன் பேசுறேன், திருமயத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்திருக்கேன், நீங்க ஃப்ரீயா மச்சி'ன்னாரு. நான் போன கீழ போட்டுட்டேன் அக்கா."

இவர்களைப்போல அறுபத்தொரு பேர் இருக்கிறார்களாம். இம்பால், நாக்பூர், கோலாலம்பூர், எங்கெங்கோ. நட்டுவாக்காலி என்றால் எல்லோரும் கிதார் வாசித்த வசந்த்தைத்தான் பேசுவார்கள். பேட்டியும் அவனுக்கு, பாராட்டும் அவனுக்கு. ஆல்பம் அட்டையில்கூட மற்ற மூன்று பேரும் முன்னால் நிற்க, ட்ரம்மருக்குத் தாளத்தட்டு மறைத்த பாதி முகம்தான். இந்த அறுபத்தொரு பேரும் அந்தப் பாதி முகத்துக்காகச் சேர்ந்தவர்கள். நாலு வருஷமாகத் தேடினார்கள். அட்டையில் இருந்தது பெயர் மட்டும்தான். அதற்குக் கீழே, நன்றி சொல்லும் இடத்தில், பொடி எழுத்தில் 'கந்தர்வக்கோட்டையில் இருக்கும் அப்பாவுக்கு' என்று ஒரு வரி, யாருடைய அப்பா என்று இல்லாமல். போன வாரம் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு ஜேசிபி வழிவிடாமல் போக, ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போன கார்த்திகா, அதன் முதுகில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டாள். குழந்தைசாமி, கந்தர்வக்கோட்டை.

"நீங்க கேட்டதே இல்லையா அக்கா?"

மோகனப்ரியா இல்லை என்று தலையாட்டினாள். கார்த்திகா போனை எடுத்து மூன்றாவது பாட்டைப் போட்டாள். கல் உடைக்கிற கிரஷருக்குள் தலையை விட்டதுபோல இருந்தது. யாரோ அடித்தொண்டையிலிருந்து கத்தினார்கள். மோகனப்ரியாவின் முகம் போன போக்கைப் பார்த்து சோலையப்பன் கையமர்த்தினார்.

"கத்துறவன விட்டுருங்க. கிதாரையும் விட்டுருங்க. அடியில ஓடுது பாருங்க, அத மட்டும் புடிச்சிக்கிட்டு போங்க. இப்ப ஒரு எடம் வரும். எல்லாரும் ஒண்ணா வந்து நிப்பாங்க. அடி விழப்போகுதுன்னு நெனப்பீங்க. விழாது. கேளுங்க."

விழவில்லை. சத்தமெல்லாம் மலை உச்சிக்கு ஏறி வந்து நின்றது, ஒரு மூச்சு இழுக்கிற நேரம் ஒன்றுமே இல்லை, அதற்குப் பிறகு விழுந்தது அடி. மோகனப்ரியா போனைத் தன் பக்கமாக இழுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள்.

அது அவளுக்குத் தெரிந்த இடம். பன்னிரண்டு வருஷமாக அந்த இடத்தில்தான் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். சாப்பிட வாரீங்களா என்று கேட்டால், அவன் உடனே பதில் சொல்ல மாட்டான். கேட்டது காதில் விழுந்ததா என்று சந்தேகம் வந்து, மறுபடி கேட்க வாயெடுக்கும்போது, வாரேன் என்பான். பெண் பார்க்க வந்த அன்று அவளுடைய அண்ணன், பொண்ணப் புடிச்சிருக்கா மாப்ள என்று கேட்டபோது, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்படி சும்மா இருந்துவிட்டுத்தான், புடிச்சிருக்கு என்றான். மாப்பிள்ளை கொஞ்சம் மந்தமோ என்று அம்மா அடுப்படியில் கேட்டாள். சண்டை போடும்போதுகூட அந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் அவளை அதிகம் அழவைத்தது. அதை மந்தம் என்று நினைத்திருக்கிறாள், அலட்சியம் என்று நினைத்திருக்கிறாள், பிறகு எதுவும் நினைக்காமல் பழகியிருக்கிறாள். இப்போது அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு அறுபத்தொரு பேர் நிற்கிறார்கள். அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள், சாமி மூச்சு என்று.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சத்யா வயிற்றில் இருந்தபோது ஓயாத தலைவலி. அவன் கட்டில் விளிம்பில், சாப்பாட்டு மேசையில், தன் தொடையில் என்று எந்நேரமும் விரலால் தட்டிக்கொண்டே இருப்பான். "அந்தத் தட்டுறத நிப்பாட்டித் தொலைங்களேன்" என்று ஒருநாள் கத்தினாள். நிப்பாட்டினான். பிள்ளை பிறந்து, தலைவலி போய், சத்யா இப்போது நாலாவது படிக்கிறாள். அவன் மறுபடி தட்டவே இல்லை என்பது இந்த நிமிஷம்தான் அவளுக்கு உறைத்தது.

"வாங்க, கொளத்துக்கே போவோம்" என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

குளம் வற்றிக் கிடந்தது. நடுவில் ஜேசிபி வண்டலை அள்ளி டிராக்டரில் கொட்டிக்கொண்டிருக்க, கரையேறும் பாதை முழுக்கப் புழுதி. மனைவி பின்னால் காரோடு வருவதைப் பார்த்ததும் குழந்தைசாமி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். நாற்பத்திரண்டு வயது, காதோரம் நரை, கழுத்தில் ஈரத் துண்டு. கார்த்திகாவின் பனியனில் இருந்த படத்தைப் பார்த்ததும் அவன் கால் ஒரு எட்டு பின்னால் போனதை மோகனப்ரியா கவனித்தாள்.

"நீங்கதானே சார் நட்டுவாக்காலி..." என்று ஆரம்பித்தாள் கார்த்திகா.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடித்து, "அது வேற ஆளுங்க" என்றான்.

கார்த்திகாவின் முகம் வாடிவிட்டது. சோலையப்பன் விடுவதாக இல்லை. பேங்கில் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்தவர்.

"சரி தம்பி, வேற ஆளாவே இருக்கட்டும். மூணாவது பாட்டுல அந்த ஆளு ஒரு எடத்துல அடிக்காம விடுவாரு. அதப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"அது... குச்சி நழுவியிருக்கும் அய்யா."

"ஒரே பாட்டுல நாலு தடவ வருதே. நாலு தடவையும் நழுவுச்சா?"

குழந்தைசாமி தலையைக் குனிந்துகொண்டான். அவன் சிரிக்கிறான் என்பது அவனுடைய தோளைப் பார்த்துத்தான் தெரிந்தது. மோகனப்ரியா அவன் வெட்கப்பட்டுப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது.

வேப்பமர நிழலில் உட்கார்ந்து பேசினார்கள். அதாவது கார்த்திகா பேசினாள். ஐந்தாவது பாட்டில் வேகத்தைக் குறைத்தது, கடைசிப் பாட்டில் கால் மட்டும் தனியாக ஓடியது, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஆமா, இல்ல, அதக் கவனிச்சீங்களா என்று அவனிடமிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. அதைக் கவனிக்க வைக்கத்தான் அப்படி வாசித்தேன் என்றான் ஒரு தடவை. பிறகு அவர்கள் வந்த காரியத்தைச் சோலையப்பன் சொன்னார். பதினைந்தாவது வருஷத்துக்கு ஆல்பத்தைப் புதுப்பித்து வெளியிடப்போவதாக வசந்த் அறிவித்திருக்கிறான். கிதாரும் பாட்டும் அப்படியே இருக்கும். ட்ரம்ஸை மட்டும் கம்ப்யூட்டரில் மறுபடி போடுகிறார்கள். முன்னோட்டமாக மூன்றாவது பாட்டை விட்டிருந்தார்கள். அந்த நாலு இடத்திலும் அடி நிரப்பியிருந்தது.

"எல்லாம் கணக்கா இருக்கு. ஒரு இம்மி பிசகல. ஆனா கேக்க முடியல தம்பி."

குழந்தைசாமி குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொக்குகள் புதிதாய்ப் புரண்ட சேற்றில் இறங்கி நடந்தன.

"அவன் ஆல்பம். அவன் என்ன வேணா பண்ணிக்கட்டும்" என்றான்.

"ஏன் சார் விட்டுட்டு வந்தீங்க?" என்று கார்த்திகா கேட்டாள். கேட்டதற்காக உடனே வருத்தப்பட்டவள்போல உதட்டைக் கடித்தாள்.

"விட்டுட்டு வரலம்மா. அப்பாவுக்குக் கை கால் விழுந்திருச்சு. பத்து நாள்ல வாரேன்னு வந்தேன். பத்து நாள்ல எந்திரிக்கிற மாதிரி இல்ல. மூணாவது வாரம் வசந்த் போன் பண்ணான். எப்பதான் வருவேன்னு கேட்டான். நான் சொல்றதுக்குள்ள வச்சிட்டான்."

மோகனப்ரியாவுக்கு அந்தப் போன்பேச்சு முழுக்கக் கேட்டதுபோல இருந்தது. அந்தப் பக்கம் பெங்களூரில் ஒருவன் காத்திருக்கிறான். இந்தப் பக்கம் இவன், அப்பாவுடைய கட்டிலைப் பார்த்துக்கொண்டு, வார்த்தைக்கு முன்னால் மூச்சிழுத்துக்கொண்டு நிற்கிறான்.

"போன் பண்ணுங்க அவருக்கு" என்றாள்.

"என்னத்துக்கு?"

"அந்த எடத்த ரொப்பாதன்னு சொல்லுங்க. அது அவரோட எடம் இல்ல. ஒங்களோடது. நான் கேட்டேன்."

குழந்தைசாமி திரும்பினான். "நீ கேட்டியா?"

"கேட்டேன். நாலு எடத்தையும் கேட்டேன். பாட்டு கிரஷர் மாதிரிதான் இருக்கு. நீங்க நல்லா வாசிச்சிருக்கீங்க."

அவன் அவளையே பார்த்தான். இந்தத் தடவை அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் அவள் மறுபடி கேட்க வாயெடுக்கவில்லை. அவன் பைக்குள்ளிருந்து போனை எடுத்தான். நம்பரைத் தேடவில்லை, விரல்களால் அழுத்தியே போட்டான். நாலு பேரும் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடித்து அடித்து நின்றுபோனது. எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம. தூங்குவான்" என்றான்.

கத்தரிக்காய்க் குழம்பும் அப்பளமும் மதியச் சாப்பாடு. சோலையப்பன் குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது கார்த்திகா பனியனில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு பேனாவை நீட்டினாள். அவன் எங்கே போடுவது என்று தெரியாமல் தடுமாறி, நட்டுவாக்காலியின் வாலுக்குக் கீழே, தோள்பட்டை ஓரமாக, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்தில் முழுப் பெயரையும் எழுதினான். கார் தெரு திரும்பும்வரை அவள் ஜன்னல் வழியே கையாட்டிக்கொண்டே போனாள். உள்ளிருந்து மூன்றாவது பாட்டு அதிர்ந்துகொண்டே போனது. எதிர்வீட்டு மூக்காயி வெளியே வந்து, யாரு வண்டில என்ன ரிப்பேரு என்று கேட்டாள்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தவன் பின்கட்டுக் குழாயடியில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். போன் அடித்தது. மோகனப்ரியாதான் எடுத்துப் பார்த்தாள். பெயர் இல்லை, நம்பர் மட்டும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"அவருதான்னு நெனைக்கிறேன்."

அவன் இரண்டு கையையும் நீட்டினான். இரண்டிலும் நுரை. கண்ணைத் திறக்க முடியவில்லை. அவள் பச்சைப் பொத்தானைத் தள்ளி, போனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. சொல் விளங்கவில்லை, வேகமாகப் பேசியது, நடுவில் ஒரு இடத்தில் உடைந்த மாதிரியும் இருந்தது. குழந்தைசாமி கண்ணை இறுக மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தான். நுரை அவன் காதோரமாக இறங்கி அவள் மணிக்கட்டில் வழிந்து, வளையலுக்குள் புகுந்து, முழங்கைவரை போனது. அவள் கையை எடுக்கவில்லை.