நிலத்தோடு ஒட்டாத கல்

பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியல் முதலாம் வருடத்தைக்கூட நான் முடிக்கவில்லை. அது ஊருக்கே தெரியும். இருந்தாலும் மல்லாவிக்கு அப்பால் உள்ள எங்கள் ஒழுங்கையில் கல்லைப் பற்றிப் படித்தவன் நான் ஒருவன்தான். அரிசி ஆலையில் இரவுக் காவல் முடிந்து படுக்கப் போன என்னைப் பக்கத்து வளவுச் சுப்பம்மா அக்கா மறித்தார்.

“தம்பி, குழாய்க்கிணறு அடிக்க இன்னைக்கு லொறி வருது. எங்ககிட்ட இருக்கிற காசுக்கு ஒரு தடவதான் அடிக்க முடியும். எங்கன்னு நீங்கதான் காட்டணும்.”

அவருடைய கிணறு ஆனியிலேயே வற்றிவிடும். மகள் சுமித்திரா, நான் விட்டுவந்த அதே படிப்புக்குத் தெரிவாகியிருந்தாள். அவள் பார்த்துக்கொண்டு நிற்கையில் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வளவின் மூலையில் மாட்டளவு கருங்கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள். கைபேசித் திசைகாட்டியை வைத்துச் சரிவு பார்த்தேன். பட்டைகள் கிழக்கே சரிந்திருந்தன.

“கீழ இருக்கிற பாறையும் இப்பிடித்தான் சரிஞ்சு போகும். தண்ணியும் அந்தப் பக்கம்தான் இறங்கும். கல்லுக்குக் கிழக்கால அடியுங்கோ அக்கா.”

லொறி வந்தபோது அதைத் திருப்பி நிறுத்த அந்தக் கல் இடைஞ்சலாக இருந்தது. துளை போடுகிற கிருசாந்தன் ஜேசிபியைக் கூப்பிட்டான். ஒரே தள்ளில் கல் புரண்டது. அடியில் கூடாரம் அடிக்கிற நீலத் தறப்பாள் துண்டொன்று நசுங்கிக் கிடந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. போர் முடிந்து மீள்குடியேறியபோது பற்றைக் காட்டை வெளியாக்கிய புல்டோசர் எங்கிருந்தோ தள்ளிவந்து விட்ட கல் அது. டோசர்காரன் வைத்துப்போன சரிவைத்தான் நான் அளந்திருக்கிறேன்.

“அண்ணா, கல்லுக்குக் கீழ தறப்பாள் எப்பிடி வந்தது?” என்றாள் சுமித்திரா.

“மழைத்தண்ணி இழுத்துக்கொண்டு வந்திருக்கும்.”

அவள் தலையாட்டினாள். அவள் என்னை நம்பினாள்.

இயந்திரம் இரையத் தொடங்கியது. வெள்ளைத் தூள் கிளம்பி எல்லோர் தலையிலும் படிந்தது. ஒரு துளைக்கம்பி இறங்கியது, அடுத்ததைப் பூட்டினார்கள், அதுவும் இறங்கியது. தூள்தான் வந்தது. தண்ணீர் வரவேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டேன், அக்காவுக்காக அல்ல. வந்துவிட்டால் நான் வாய் திறக்கத் தேவையில்லை. இன்னொரு கம்பியைத் தூக்கியபோதுதான் கத்தினேன்.

“நிப்பாட்டு!”

“என்னடா, தண்ணி மணக்குதோ?” என்றான் கிருசாந்தன்.

“அந்தக் கல் இந்த நிலத்துக் கல் இல்லை. டோசர் தள்ளினது. நான் பாக்காமச் சொல்லிப்போட்டன்.”

இயந்திரம் ஓய்ந்தது. சுப்பம்மா அக்கா முகத்துத் தூளைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“எப்ப தெரிஞ்சுது தம்பி?”

“கல்லுப் புரளேக்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“நல்லகாலம், நீ டொக்டருக்குப் படிக்கேல்லை,” என்றான் கிருசாந்தன். வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. “குடுத்த காசுக்கு மிச்சத்த வேற எடத்துல அடிக்கலாமா?” என்று அவனைக் கேட்டார்.

“இடத்தைக் காட்டினா அடிப்பன்.”

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான்.

“எனக்குத் தெரியாது அக்கா,” என்றேன்.

கிருசாந்தன் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினான். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் குழாய்ப் பக்கம் நடந்தார்.

“முதலாம் வருசத்திலை இதெல்லாம் படிப்பிக்க மாட்டினமோ?” சுமித்திரா உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டாள்.

“படிப்பிச்சவை. முதல் நாள் வெளிக்களப் பயணத்திலையே சொன்னவை, கல்லைக் கண்டா முதல்ல அது நிலத்தோட ஒட்டியிருக்கோ எண்டு பாருங்கோ எண்டு. மற்றப் பெடியள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அண்டைக்கு பஸ்ஸை விட்டு இறங்கேல்லை. வெயில் எண்டு உள்ளுக்கையே இருந்திட்டன்.”

அவள் குழாயடிக்குப் போகத் தண்ணீர்க் கேனைத் தூக்கினாள். வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் அதை மற்றக் கைக்கு மாற்றினாள்.

“நீங்கள் இரவெல்லாம் முழிச்சனீங்கள். போய்ப் படுங்கோ அண்ணா.”