சிவப்புச் சேலை கட்டிய நாலு மரங்கள்

தொண்ணூற்றெட்டாம் வருடம் புரட்டாசியில், வாடிப்பட்டிக்கு மேற்கே தங்கப்பொண்ணுவின் தோட்டத்தில் எலுமிச்சை இலைகளைத் துளைத்துத் தின்ற புழுக்கள் மருந்துக்குச் சாகவில்லை. சிவப்புச் சேலையைப் பார்த்ததும் மரத்தைவிட்டு இறங்கி நடந்து போய்விட்டன.

அதற்கு மூன்று வாரம் முன்னால், ஆராய்ச்சி ஆபீசர் ஸ்ரீனிவாஸ் சிம்மக்கல்லிலிருந்து பஸ் ஏறி வந்து, இருபத்துநாலு மரங்களை நாலு நாலாகப் பிரித்து ஆறு நிறத்தில் நாடா கட்டினார். சிவப்பு நாடாவுக்கு இருப்பதிலேயே கடுமையான மருந்து. வெள்ளைக்கு வெறும் தண்ணீர். சீட்டுக் குலுக்கியதில் வெள்ளை போய் விழுந்தது தங்கப்பொண்ணுவின் முதல் நாலு மரங்களுக்கு. காலகாலமாக அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. சொந்தமாக மண் வாங்கிய அன்றைக்கே அவள் நட்டு, இடுப்புக் குடத்தில் தண்ணீர் சுமந்து காப்பாற்றிய கன்றுகள். "ஒரு வயித்துப் பிள்ளைகள்ல நாலுக்கு மட்டும் கஞ்சி கிடையாதா? என்ன சார் இது ஓரவஞ்சனை?" என்று சண்டைக்கே போய்விட்டாள். "சும்மா விட்ட மரம் நாலு இருந்தாத்தாம்மா எந்த மருந்து எம்புட்டு வேலை செய்யுதுன்னு தெரியும்" என்றார் அவர். நியாயம்தான். வயிறு எரிகிறவளிடம் நியாயம் பேசி என்ன செய்ய?

மூன்றாம் வாரம் அந்த நாலும் தளிரெல்லாம் சுருண்டு, இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றன. மருந்தடிக்கிற புருஷன் மலைச்சாமி டீக் குடிக்கப் போன நேரம் பார்த்து, வெள்ளை நாடாவை அவிழ்த்துவிட்டு, தன் சிவப்புச் சேலையைக் கிழித்து நாலுக்கும் கட்டிவிட்டாள். நிறத்தைப் பார்த்து மருந்தடித்துவிடுவான் என்ற நினைப்பு. அவனோ நாடாவையே பார்க்காதவன். மரத்தின் நம்பரை மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். அந்த நாலுக்கும் தண்ணீரையே அடித்தான். மற்ற மரங்களின் மருந்து நெடியில் எப்போதும்போல் வாந்தியெடுத்து, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை புழுக்கள் வரிசையாக இறங்கின. மோட்டார் ரூமைச் சுற்றி, வாய்க்கால் பாலம் ஏறி, திண்டுக்கல் ரோட்டைக் கடந்து சிறுமலைப் பக்கம் போயின. இரண்டு பஸ்கள் நின்று வழிவிட்டன. "வெரசாப் போங்கப்பா, டைமாகுது" என்று கண்டக்டர் விசில் ஊதினார்.

புதன்கிழமை ஸ்ரீனிவாஸ் லென்ஸ் வைத்து இலை இலையாக எண்ணினார். கடும் மருந்தடித்த மரத்தில் இலைக்கு இரண்டு புழு. தண்ணீர் அடித்த மரத்தில் ஒன்றுகூட இல்லை. தங்கப்பொண்ணு அழுதேவிட்டாள். "நான்தான் சார் கட்டுனேன். என்னைய என்ன வேணாலும் செய்ங்க, மரத்தை விட்ருங்க." அவர் துணியைத் தொட்டுப் பார்த்தார். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, தொட்டதுமே சுங்குடி என்று தெரிந்தது. "மிச்சம் இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டார். மற்ற இருபது மரங்களுக்கும் கட்டினார்கள். மதியத்துக்குள் தோட்டமே காலி.

ஐந்து மருந்துகளுக்கும் தண்ணீருக்கும் கீழே 'சிவப்புச் சுங்குடி' என்று ஒரு வரி சேர்த்து அறிக்கை போனது. மேலதிகாரி கேட்டது ஒன்றே ஒன்று: "சாயம் போகுமா?"

"எங்க தெருச் சாயம் சார், போகாது."

போகவும் இல்லை. மருந்து டின்கள் திரும்பிப் போயின, தெளிப்பானுக்குப் பக்கத்தில் கோழி அடைகாத்தது, மலைச்சாமி இரண்டு தட்டுச் சோறு தின்றான். தை மாதம் அந்த நாலு மரங்களும் கிளை தாழக் காய்த்தபோது, "அப்பாடா!" என்று தங்கப்பொண்ணு அவற்றின் அடியிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். இடுப்பில் அந்தப் பழைய நாடா மாதிரி வெள்ளைச் சேலைதான் இருந்தது. சிவப்பு மொத்தமும் மரங்களிடம் போயிருந்தது.