கயிறு கட்டிய தேதி

பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் ஊர் சொல்லும். மலேசியாவில் ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அதற்கு ஊர்கூட வேண்டாம், பெண்டாட்டியே போதும். காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் தர்மராஜ் தள்ளாடினான். எழுந்ததும் வாந்தி, ஓயாத தலைவலி. குலைக்குப் போட்ட அரிவாள் மட்டையில் பாய்ந்தது. சம்சுச் சாராயம் தவிர வேறென்ன என்று பெண்டாட்டி திலகா முடிவு கட்டிவிட்டாள். தைப்பூசத்துக்கு மறுநாள் முனீஸ்வரர் கோயிலுக்கு இழுத்துப் போய், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கி, கையில் கயிறும் கட்டினாள். அவனும் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினான்.

மூன்று மாதமாகியும் வாந்தி நிற்கவில்லை. சாமியையே ஏமாற்றுகிறானே பாவி என்று அவள் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டாள்.

நேற்றுத்தான் தட்டைக் கவனித்தாள். வலது பாதிச் சோறு காலி, இடது பாதி அப்படியே இருந்தது.

"அந்தப் பக்கம் யாருக்கு வச்சிருக்கீங்க?"

"எந்தப் பக்கம்?" என்று அவன் தட்டைத் தடவினான். எந்தக் குடிகாரனும் சோற்றைப் பாதி பிரித்துத் தின்று அவள் பார்த்ததில்லை.

இன்று அவள் அவனைக் கூட்டிப் போன கிளினிக்கில் தாதி ரோகினி ஒரு படிவத்தை எடுத்தாள். "மூளையில கட்டி இருந்தா சீக்கிரமா கண்டுபிடிக்க அரசாங்கம் புதுசா கொடுத்திருக்குக்கா. இந்த அறிகுறியில மூணு டிக் விழுந்தா ரெண்டு வாரத்துக்குள்ள சிரம்பான் பெரியாஸ்பத்திரில ஸ்கேன்."

நான்கு விழுந்தது.

"குடிப்பாரா?"

திலகா வாயைத் திறக்குமுன் தர்மராஜ் சொன்னான், "விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, மிஸ்ஸி."

"அப்புறம் எதுக்குக் கயிறு கட்டிக்கிட்டீங்க?" என்று திலகா அவன் பக்கம் திரும்பினாள்.

அவன் தரையைப் பார்த்தான். "குடிகாரன்னா வேலை வாங்குற மண்டோர் ஏசுவாரு, அவ்ளோதான். சீக்காளின்னு தெரிஞ்சா வேலை போயிடும், தோட்டத்து வீட்டையும் காலி பண்ணச் சொல்வாங்க. நீ எங்க போவ?"

"வாந்தி எப்ப ஆரம்பிச்சதுக்கா? தேதி எழுதணும்," என்றாள் ரோகினி.

"தைப்பூசத்துக்கு முந்தியே," என்றாள் திலகா. "நான்தாம்மா வேற பேர் வச்சிட்டேன்."

ரோகினி போன் பேசிவிட்டு வந்து, வரும் வியாழனே ஸ்கேன் என்றாள். முன்பின் தெரியாத அரசாங்கம் இவ்வளவு அவசரப்படுகிறது. கூடவே படுத்து எழுந்தவள் மூன்று மாதத்தை விழுங்கியிருந்தாள்.

அவன் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவள், எழுந்து சுற்றி வந்து, அவன் கண்ணுக்குத் தெரிகிற வலப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.