வடைமாவில் மெரூன் கலர்

பாரிவாக்கம் சிக்னல் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. ஆவடியிலிருந்து வருகிற எல்லோரும் அதைத் திட்டுவார்கள். ரேணுகா மட்டும் மனதுக்குள் நன்றி சொல்வாள். பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்தபடி அவள் நகப்பூச்சை உரித்து முடிப்பது அங்கேதான்.

உரிப்பது என்றால் நிஜமாகவே உரிப்பதுதான். முதலில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு பூச்சு. அது காய்ந்து நிறமில்லாமல் ஆனதும் அதன்மேல் கலர். வேண்டாம் என்றால் ஓரத்தில் லேசாக நெம்பினால் போதும், மொத்தமும் நகத்தின் வடிவத்திலேயே ஒரு தோலாகக் கழன்று வந்துவிடும். பஞ்சு வேண்டாம், ரிமூவர் வேண்டாம், மூக்கைத் துளைக்கும் அந்த நெடியும் வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளோடு வேலை பார்க்கும் ஒரு பெண் சொல்லிக் கொடுத்த வழி. அதற்கு முன்னால் வாராவாரம் ரிமூவர் போட்டுத் தேய்த்ததில் நகமெல்லாம் வெளுத்து, ஓரத்துத் தோல் வெடித்து, ரசம் சாதம் பிசைந்தால்கூட எரியும்.

இத்தனை பாடும் ஞாயிறுதோறும் போய்ப் பார்க்கிற மாமியார் சுசீலாவுக்காக. சாயம் பூசின கை சமையலறைக்குள் வரக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். அந்தச் சட்டமும் மருமகளுக்கு மட்டும்தான். மகள் பவ்யா பார்லருக்குப் போய் நீள நீளமாக நகம் ஒட்டிக்கொண்டு வந்தால், "என் பொண்ணு கைக்கு எது போட்டாலும் எடுப்பா கீது" என்று அதே சுசீலா அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவாள். பவ்யா சமைப்பதில்லையே, அதனால் சட்டம் மீறப்படவில்லையாம்! இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"சீக்கிரம் உரி, பச்சை விழப்போகுது" என்றான் வெங்கட், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"ஏங்க, உங்கம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"வாரத்துல ஒருநாள்தானே. அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் வாயிலிருந்து வரும் ஒரே பதில் இதுதான். ரேணுகா பல்லைக் கடித்துக்கொண்டு, உரித்தவற்றை டிஷ்யூ காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டாள். வலது கட்டைவிரலில் மட்டும் பூச்சு வரவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. அதற்குள் பச்சை விழுந்து, மாமியார் வீடும் வந்துவிட்டது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு இறங்கினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமையோடு அமாவாசையும் சேர்ந்திருந்தது. படையல் போட்டு, காக்காய்க்கு வைத்த பிறகுதான் யாரும் வாயில் பச்சைத்தண்ணீர் விடலாம். சமையலறையில் வீட்டு வேலைக்கு வரும் சரசா, உளுந்தை அரைத்து வழித்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா? மாவுல மொளகா, கறிவேப்பிலை போட்டுப் பெச" என்றாள் சுசீலா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ரேணுகா பிசைந்தாள். கட்டைவிரல் ஞாபகம் வந்தது கை கழுவும்போதுதான். பார்த்தால், விரல் வெறுமையாக இருந்தது. தண்ணீரோடு போய்விட்டது என்று நினைத்து, பெரிய கண்டத்திலிருந்து தப்பித்தவள்போல மூச்சு விட்டாள்.

முதல் ஈடு வடை பொரிந்து வெளியே வந்தது. இரண்டாவது ஈட்டுக்கு மாவை இலையில் வைத்துத் தட்டிய சுசீலாவின் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெரூன் நிறத்தில், முழுசாக, ஒரு நகம்.

"அய்யய்யோ! படையல் மாவுல நகம்!"

கூடத்திலிருந்து பவ்யா ஓடி வந்தாள். வெங்கட்டும் வந்தான். சுசீலாவின் பார்வை நேராகச் சரசாவின் கைக்குப் போனது. போன வாரம் கோயில் கூழ் ஊற்றுதலுக்குச் சரசாவின் மகள் பூசிவிட்ட சாயம், பாதி உதிர்ந்து, இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

"சாயக் கையோட உளுந்துல கைய வெச்சியா? நாள் கெழம தெரியாது உனக்கு? கெளம்பு. நாளையிலேர்ந்து வராத!"

"இன்னாமா பேசற நீ? என்னுது ஆரஞ்சு கலரு. அது இன்னா கலரு கீது, கண்ணத் தொறந்து பாரு!"

"எதுத்து வேற பேசறியா?"

"இதுக்குத்தாம்மா இவங்கள மாவத் தொட விடாதன்னு சொன்னேன்" என்றாள் பவ்யா, தன் நீள நகங்களால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

ஆரஞ்சுக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் தெரியாத கண்களா அந்த வீட்டில்? பார்க்க யாருக்கும் மனமில்லை, அவ்வளவுதான். ரேணுகா வெங்கட்டைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரியும். பேசாமல் இரு என்பதுபோலத் தலையை லேசாக ஆட்டினான்.

சரசா முந்தானையில் கையைத் துடைத்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏழு வருசமா இந்த ஊட்டுப் பாத்திரம் தேச்சிகினு கீறேன். ஒரு ஸ்பூன் காணாப் போயிருக்கா? போறேம்மா" என்று செருப்பைத் தேடினாள்.

அந்தக் கலங்கிய கண்ணைப் பார்த்ததும் ரேணுகாவுக்குப் பொறுக்கவில்லை. மாமியார்மேல் கோபம், புருஷன்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேலேயே ஆத்திரம். விறுவிறுவென்று போய்க் கைப்பையைத் திறந்து, டிஷ்யூவைப் பிரித்து மேடையில் கொட்டினாள். ஒன்பது மெரூன் தோல்கள் விழுந்தன.

"பத்தாவது உங்க கையில இருக்கு அத்தை. அது என்னோடது."

எண்ணெய் சட்டியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ வாராவாரம் போட்டுகினுதான் இருந்தியா?" என்றாள் சுசீலா.

"ஆமா. உங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் நடுரோட்டுல உக்காந்து உரிச்சுக்கிட்டு வருவேன். நகத்துல கலர் போட்டது தப்பில்ல அத்தை. தப்பில்லாத ஒண்ணைத் திருட்டுத்தனம் மாதிரி மறைச்சேனே, அதுதான் தப்பு. மாவுல விழுந்தது என் கவனக்குறைவு, அதுக்கு என்னைத் திட்டுங்க. ஆனா என் பயத்துக்கு அவங்க வேலை போகக் கூடாது." சரசா பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்கக்கா. அவங்க உங்களைத் திட்டினப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும்."

சுசீலா ஒன்பது தோல்களையும் பார்த்தாள். மருமகளின் வெளுத்த நகங்களைப் பார்த்தாள். பவ்யாவின் விரல்களையும் முதல்முறையாக வேறு மாதிரி பார்த்தாள். பவ்யா கையை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று மகனைக் கேட்டாள். வெங்கட் ஆமாம் என்று தலையசைத்தான்.

"தெரிஞ்சிகினே கல்லு மாதிரி நின்னியா? நல்லா வளத்தேன் உன்ன!" தலையில் அடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். "சரசா, இன்னொரு படி உளுந்து ஊற வை."

சரசா நகரவில்லை. "வராதன்னு சொன்னியே, அத மொதல்ல வாபஸ் வாங்கு."

"வாங்கிட்டேண்டி, போதுமா? பாக்காம பேசிட்டேன். தப்பு என்னுதுதான்."

சரசா திரும்பி வந்து உளுந்து டப்பாவை எடுத்தாள். ரேணுகா வீணாய்ப்போன மாவையும் வடைகளையும் அள்ளிக் குப்பைக் கூடையில் போட்டாள். கூடத்தில் மாமனார் பசியில் இருமினார். மதில்மேல் காக்காய் வேறு கத்திக்கொண்டிருந்தது.

"இந்தா" என்றாள் சுசீலா ரேணுகாவைப் பார்த்து, எரிச்சல் குறையாமல். "அடுத்த அமாவாசைக்கு அந்தச் சாயத்தோடவே வந்து தொல. பயந்து மறைக்க வெச்சா அது எங்க வந்து வுழும்னு பாத்துட்டேன். ஆனா ஒண்ணு, இந்த உரியற கருமம் வேணாம். போடறதுன்னா கெட்டியா ஒட்டறதாப் பாத்துப் போட்டுகினு வா!"