பெரியப்பாவுக்கு ஒரு சிரிப்பு

தமிழரசு சிரித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. துக்கம் என்று ஒன்றும் கிடையாது. பதினாலு வயதில், பருத்திப்பட்டு ஏரிக்கரையில், பன்னீர் சோடா பாட்டிலின் தகர மூடியைப் பல்லாலேயே திறக்கிறேன் என்று பந்தயம் கட்டினான். மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் பாதிக்குப் பாதி போயின. மூடி திறக்கவில்லை. அன்றைக்கு இறக்கிய மேலுதட்டை அவன் மறுபடி தூக்கவே இல்லை. பேசும்போதும் தின்னும்போதும், கொட்டாவி விடும்போதுகூட, உதடு எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும்.

இதனால் அவன் கெட்டுப்போய்விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிரிக்காதவனை விவரமானவன் என்று எடுத்துக்கொள்வது ஊரின் புத்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. ஒரு பெட்டியை அவன் திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் வராது. சொந்தத்தில் பாகப்பிரிவினைத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் அவனைத்தான் கூப்பிடும். போய் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், காபி குடித்துவிட்டு வருவான். தகராறு பாதி அடங்கியிருக்கும்.

கல்யாணம் மட்டும் முப்பத்தாறு வயது வரைக்கும் அமையவில்லை. கடைசியில் திருவேற்காட்டில் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். கிருஷ்ணப்பிரியா, வயது முப்பத்து மூன்று, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஏற்கெனவே ஆறு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்று சொன்னவள். "வந்தவனெல்லாம் ஈன்னு இளிச்சிகினு குந்தினான். இவரு ஒருத்தர்தான் மனுசன் மாரி குந்தினாரு" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது நாலு வாய் மாறி தமிழரசு காதுக்கு வந்தது. அன்றைக்கு அவன் கம்பெனியில் ஒரு பெட்டியைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

தேதி குறித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. பத்திரிகை மட்டும் அடிக்கவில்லை. குறுக்கே நின்றவர் கிருஷ்ணப்பிரியாவின் பெரியப்பா சுப்பராயன். அவளுக்கு அப்பா இல்லை. தாரை வார்க்க வேண்டியவர் இவர்தான். நாற்பது வருஷம் பூந்தமல்லியில் பத்திரம் எழுதியவர். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்குமேல் யாரும் பேனா எடுக்க மாட்டார்கள்.

அவர் சொன்ன வார்த்தை இது: "சிரிக்காத பயலுக்கு எம் பொண்ண எப்டிக் குடுப்பேன்? அவன் சிரிச்சி நான் பாக்கணும். அப்பால பத்திரிக அடிங்க."

தமிழரசு இரண்டு தடவை அவரைப் போய்ப் பார்த்தான். உதட்டை மூடிக்கொண்டே கன்னத்தால் சிரித்துப் பார்த்தான். கண்ணால் சிரித்துப் பார்த்தான். இரண்டாம் தடவை, எதிரே மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தவனை நேருக்கு நேர் நோக்கிக்கொண்டே, "இன்னா, மாப்ள வந்துகிறானா, இல்ல வர்றான் வர்றான்னு சும்மா சொல்றீங்களா?" என்று கேட்டார் பெரியவர். ஒரு மனுஷனை இதைவிட அவமானப்படுத்த வழியில்லை என்று தமிழரசு முடிவுக்கு வந்தான். அந்த வாரமே அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பல் டாக்டரிடம் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு நேரம் வாங்கினான். பல்லைக் கட்டிக்கொண்டு, அன்று சாயங்காலமே திருவேற்காடு போய், பெரியவர் முன்னால் வாய் நிறையச் சிரித்துவிட்டு வருவது என்று ஏற்பாடு.

டாக்டர் பவ்யா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கிளினிக் ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார்.

"வாய மூடிகினு இருந்தேன் டாக்டர்."

"பல்லைப் பிடுங்க வேண்டாம், மேல கேப் மாட்டவும் வேண்டாம். பல் நிறத்துலயே ஒரு பசை இருக்கு. உடைஞ்ச இடத்துல கொஞ்சம் கொஞ்சமா வச்சுக் கட்டிரலாம். ஒரு மணி நேரம்."

இருபத்திரண்டு வருஷத்தை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று இவ்வளவு சாதாரணமாக ஒருவர் சொன்னது அவனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டர் வேலை செய்த விதம் பிடித்திருந்தது. விரல் நீளத்துக்கு ஒரு பட்டையில் வரிசையாக மாதிரிப் பற்கள். வெள்ளையில் இத்தனை தினுசு இருப்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றாக அவன் பல் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "ஈரமா இருக்கும்போதே நிறம் பார்த்துரணும். காஞ்சா பல்லு வெளுத்துத் தெரியும், அதை நம்பிக் கட்டினா நாளைக்குத் தனியாத் தெரியும்" என்றார். அளவெடுக்கிறவனுக்கு அளவெடுக்கிறவரைப் பிடிக்காமல் போகுமா.

ஒரு பல்லின் உடைசல் நரம்புக்குப் பக்கம் வரை போயிருந்ததால் ஊசி போட்டார். மேலுதடு மூக்கு வரைக்கும் மரத்துப் போயிற்று. நீல நிறத்தில் ஏதோ தடவி, கழுவி, ஒரு திரவம் பூசி, பசையை அரிசி அளவு அரிசி அளவாக வைத்து, ஒவ்வொரு தடவையும் நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்தார். ஒரு பல் முடிந்து இரண்டாவது பல் பாதியில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. கிருஷ்ணப்பிரியா. அவள் தானாகக் கூப்பிடுகிறவள் இல்லை. டாக்டரே போனை எடுத்து அவன் காதில் வைத்தார்.

"பெரிப்பா போய்ட்டாருங்க" என்றாள். அழுகை. "காலீல டீ குடிச்சிகினே இருந்தாரு. அப்பிடியே சாஞ்சிட்டாரு."

வாயில் பஞ்சு, மூக்குக்கு மேலே வெளிச்சம். தமிழரசு "ஆ" என்றான். அந்த நேரத்தில் அதற்குமேல் ஒரு ஆறுதலும் அவனால் சொல்ல முடியவில்லை. டாக்டர் மீதிப் பல்லையும் கட்டி, வழவழப்பாகத் தேய்த்து, கண்ணாடியைக் கொடுத்தார். இரண்டு முழுப் பற்கள். யாருடையவோ போல இருந்தன. காட்ட வேண்டிய ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ரெண்டு நாளைக்கு டீ, காபி, மஞ்சள் போட்ட குழம்பு வேண்டாம். முன்பல்லால எதையும் கடிக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துக்கு உதடு மரத்தே இருக்கும்" என்றார் டாக்டர்.

மரத்திருக்கும் என்றால் என்ன என்பது திருவேற்காட்டுக்குப் பைக்கில் போகும்போதுதான் அவனுக்கு உறைத்தது. உதடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூடியிருக்கிறதா, தூக்கியிருக்கிறதா, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. சிக்னலில் பைக் கண்ணாடியில் பார்த்தான். பல் தெரிந்தது. விரலால் உதட்டை இழுத்து மூடினான். அடுத்த சிக்னலில் மறுபடி பார்த்தான். மறுபடி தெரிந்தது. தன் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்ற மனுஷர் செத்த வீட்டுக்கு, புதுப் பல்லோடு, சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருக்கிறோமா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தான்.

ரோஜா மாலையும் கோடித் துணியும் வாங்கிக்கொண்டான். தெரு முனையில் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினான். பொத்தின கையை எடுப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டான்.

இது நல்லதாகப் போயிற்று. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, கண் சிவந்து (ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்ததில் தூசி), தோள் குறுகி வருகிற மாப்பிள்ளையை யாரும் எதிர்பார்க்கவில்லை. "பெரியவரு அவ்ளோ பேசியும் இன்னாமா அழுவுறாம் பாரு" என்று ஒருவர் சொன்னது கேட்டது. கைக்குட்டைக்குள் எச்சில் வழிந்துகொண்டிருந்தது.

கிருஷ்ணப்பிரியாவின் தாய்மாமன் பரந்தாமன் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்திருந்தார். "ஒரு வருசம் தள்ளி வெக்கறதுதான் மொற. அதுவுமில்லாம, பெரியவரு ஒத்துக்காம போன சம்மந்தம். அவரு பேச்ச மீறக் கூடாது" என்று பக்கத்தில் இருந்தவரிடம், தமிழரசு காதில் விழுகிற அளவுக்குச் சொன்னார். ஒரு வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். தள்ளி வைத்த சம்பந்தத்தைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்த சரித்திரம் இரண்டு வீட்டிலும் கிடையாது. கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டு உள்ளே போனான்.

ஐஸ் பெட்டி இன்னும் வரவில்லை. கூடத்தில் மர பெஞ்சில் சுப்பராயனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி ஜெகதாம்பாள் உட்கார்ந்திருந்தாள். வாசலில் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அதிர்ந்தது. தமிழரசு ஒரு கையால் மாலையைப் போட்டான், அதே கையால் கோடியைப் போர்த்தினான். இன்னொரு கை வாயிலேயே இருந்தது. ஜெகதாம்பாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அழுவாதய்யா" என்று சொல்லி அவன் கையைப் பிடித்து விலக்கினாள்.

விலக்கியவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறோமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறோம் என்றுதான் தோன்றியது.

"பல்லு கட்டிகினியா?"

"ஆமாத்த. ஊசி போட்டுக்கீறாங்க. ஒதடு நிக்க மாட்டேங்குது." விரலால் உதட்டை இழுத்துப் பிடித்தான். "இன்னிக்கி சாயங்காலம் மாமாவாண்ட வந்து காட்டலாம்னு இருந்தேன். சிரிச்சி பாக்கணும்னாரே."

ஜெகதாம்பாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பெண்கள் வாசலில் வந்தவர்களைக் கட்டிக்கொண்டு அழப் போயிருந்தார்கள். அவன் காது பக்கம் குனிந்தாள்.

"அவுரு எங்கய்யா பாக்கப் போறாரு? கண்ணு போயி ரெண்டு வருசமாவுது. சக்கர."

தமிழரசு சுப்பராயனைப் பார்த்தான்.

"யாராண்டயும் மூச்சு உடக் கூடாதுன்ட்டாரு. பத்திரம் எயுதின மனுசன் இல்லியா. காலீல பேப்பர விரிச்சி வெச்சிகினு குந்துவாரு. டீ குடுக்கசொல்ல, தலகீயா கீதுன்னா நான் திருப்பி வெப்பேன். யாரு வந்தாலும் கொரல வெச்சிதான் கண்டுபுடிப்பாரு. நீ இன்னா பண்ண, வந்து கல்லு மாரி குந்திகினு போய்ட்ட. ஒரு தும்மல்கூட இல்ல. ஆளு கீறானா இல்லியான்னே அவுருக்குத் தெரில." மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "'சிரிச்சான்னா தெரிஞ்சிடும்டி, எப்டியாப்பட்டவன்னு. அத்த கேட்டுட்டன்னா நிம்மதியா குடுத்துடுவேன்'னு நேத்துகூட சொன்னாரு."

தமிழரசுக்கு அழுகை வந்தது. நிஜமாகவே. எதிரே உட்கார்ந்து கன்னத்தால் சிரித்ததும் கண்ணால் சிரித்ததும் ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் அந்தக் கிழவர் வெறும் இருட்டையே பார்த்துக்கொண்டு, ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். இவன் அதை அவமானம் என்று எண்ணிக்கொண்டு எழுந்து போயிருக்கிறான்.

"ஒருவாட்டி சிரி" என்றாள் ஜெகதாம்பாள்.

"அத்த."

"காதாண்ட குனிஞ்சி சிரி. மேளம் அடிக்கிறாங்க, யாருக்கும் கேக்காது."

அவன் குனிந்தான். மாலையின் ஈரம் கன்னத்தில் பட்டது. முதலில் இருமல்தான் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் புழங்காத காரியம். எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மறுபடி முயன்றான். தொண்டையில் ஏதோ கரகரத்து, உடைந்து, ஹ ஹ என்று இரண்டு வந்தது. அதைக் கேட்டு அவனுக்கே விசித்திரமாக இருந்தது, அதனால் இன்னும் நாலு வந்தது. பிறகு நிறுத்த முடியவில்லை. கண்ணீர் கொட்ட, தோள் குலுங்க, செத்தவர் காதில் வாயை வைத்து, வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தான். ஜெகதாம்பாள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மாப்ள தாங்கல, தூக்குங்கப்பா" என்று யாரோ ஓடிவந்தார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துத் தூக்கினார்கள். வாசற்படியில் நின்றிருந்த கிருஷ்ணப்பிரியா, கைக்குட்டை இல்லாத அவன் முகத்தை அழுதுகொண்டே ஒரு தரம் பார்த்தாள். பிறகு அழுகையை நிறுத்தி இன்னொரு தரம் பார்த்தாள். யாரோ சோடா வாங்கி வந்து நீட்டினார்கள். மூடியை அவர்களே திறந்துதான் வைத்திருந்தார்கள்.

மேளம் ஓய்ந்தது. பரந்தாமன் கூடத்துக்குள் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"அக்கா, எல்லாரும் இருக்கசொல்லவே பேசிடலாம். கண்ணாலத்த ஒரு வருசம் தள்ளி வெச்சிடலாம். அவுருக்குப் புடிக்காத எடம் வேற."

"தள்ள வாணாம்" என்றாள் ஜெகதாம்பாள். "பதினாறாம் நாளு முடிஞ்சதும் பத்திரிக அடிங்க. அவுரு ஒத்துக்கினாரு."

பரந்தாமனுக்குப் புரியவில்லை. "எப்பக்கா ஒத்துக்கினாரு?"

"இப்பதான்" என்றாள் அவள். காதுப் பக்கம் நலுங்கியிருந்த மாலையைச் சரி செய்துவிட்டு, ஐஸ் பெட்டிக்காரன் எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்டாள்.