விஜயதசமிக்குக் கண் திறக்காத கம்ப்யூட்டர்

போடியில் சண்முகராஜ் முதலாளியின் ஏலக்காய் மண்டியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தபோது, என் மூத்த அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "மூட்டைக்கு நடுவுல கம்ப்யூட்டரா? எலி கடிச்சுப் போடும் சாராளு." எலி கடித்திருந்தாலும் பரவாயில்லை, கடித்த இடமாவது கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்திருந்தேன். அதற்கு முன்பு பத்திர ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு ஊரார் மனுக்களை அடித்துக்கொண்டிருந்தவள் நான். வெயிலும் தூசியும், "சீக்கிரம் அடிம்மா" என்கிற அதட்டலும் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த மண்டியில் எனக்கென்று ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒரு மிஷின். அதை விட்டுக்கொடுப்பதாக எனக்கு உத்தேசமே இல்லை.

ஆயுத பூஜைக்கு எனக்கு லீவு. நாங்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள். மறுநாள் விஜயதசமி காலையில் போனபோது மண்டியே மணத்தது. தராசுக்குப் பொட்டு, சாக்கு ஊசிக்குப் பொட்டு, லாரிக்கு மாலை. என் கம்ப்யூட்டர் பெட்டியிலும் சந்தனம் குங்குமம். சரி, அவர்கள் முறை அவர்களுக்கு. பூஜையில் வைத்த சாமானை விஜயதசமி அன்றுதான் மறுபடி தொட்டு வேலையை ஆரம்பிப்பார்கள். அன்று நன்றாக ஓடியது வருஷம் முழுக்க ஓடும். அன்று மக்கர் பண்ணியதை ஒருத்தரும் பிறகு சீந்த மாட்டார்கள்.

முதல் பில் கம்பத்து வியாபாரி வீரபாண்டிக்கு. பத்தரை வரைக்கும் நல்ல நேரம். முதலாளி பட்டு வேட்டியில் நின்றார். கணக்கப்பிள்ளை குருசாமி சூடத்தட்டோடு நின்றார். வாசலில் ஒலிபெருக்கி வைத்து நாதஸ்வர கேசட்டை அலறவிட்டிருந்தார்கள். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

பெட்டியில் விளக்கு எரிந்தது. உள்ளே காற்றாடி சுற்றியது. டிவி மாதிரி இருக்கும் மானிட்டரிலும் விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேலென்று கிடந்தது.

"என்ன ஆத்தா, இன்னும் முழிக்கலையா?" என்றார் வீரபாண்டி. கூட இருந்த நாலு பேர் சிரித்தார்கள்.

அணைத்துப் போட்டேன். மானிட்டர் வயரைப் பிடுங்கிச் சொருகினேன். ம்ஹூம். வெளிச்சத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினேன். இருட்டு கொஞ்சம் சாம்பலானதே தவிர எழுத்து ஒன்றும் வரவில்லை.

முதலாளி முகம் சுருங்கிப்போனது. நல்ல மனுஷன்தான், ஆனால் சகுனத்துக்கு முன்னால் பெற்ற பிள்ளையைக்கூட நம்ப மாட்டார்.

"இன்னிக்கே கண்ணத் தொறக்கல. இது நமக்கு ராசியில்ல" என்றார். "குருசாமி, பில்லைக் கையில எழுதுங்க. மிஷினை வாங்குன மதுரைக்கே அனுப்பிருவோம். சாராளு, நீயும் வேற எடம் பாத்துக்கம்மா. தப்பா நெனைக்காத."

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? பத்திர ஆபீஸ் வாசலும் அந்த வெயிலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எனக்குக் கோபம் வந்தால் பயம் போய்விடும். அது ஒன்றுதான் என்னிடம் உள்ள நல்ல குணம்.

"நல்ல நேரம் இன்னும் முடியல முதலாளி. பத்தரைக்குள்ள பில் வரலைன்னா நானே கிளம்புறேன். அதுவரைக்கும் யாரும் பேனாவத் தொறக்கக் கூடாது."

குருசாமி வாயைப் பிளந்தார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நின்று யோசித்தேன். கோளாறு என்றால் இந்த மிஷின் வாயைத் திறந்து சொல்லும். ஆன் பண்ணியதும் உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். எத்தனை சத்தம், நீளமா குட்டையா என்பதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்த நாதஸ்வர இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது.

"அந்தச் செட்டை நிப்பாட்டுங்க!"

"ஐயையோ, மங்கள வாத்தியத்த நடுவுல நிப்பாட்டக் கூடாது ஆத்தா" என்று பதறினார் குருசாமி. "அபசகுனம்."

"இதுக்கு மேல என்னண்ணே அபசகுனம் வேணும்?" என்று கேட்டுவிட்டு நானே போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினேன்.

மண்டி கப்சிப் ஆனது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் பெட்டியில் காதை வைத்தேன். பீ...ப். பிப். பிப். ஒரு நீளம், இரண்டு குட்டை.

சட்டென்று நிமிர்ந்தேன். "மூளைக்கு ஒண்ணும் ஆகல! படத்த அனுப்புற கார்டு ஒண்ணு உள்ள இருக்கு. அத மிஷினால கண்டுபிடிக்க முடியல. அவ்வளவுதான்!"

"இருந்த கார்டு எங்கன போகும்?" என்றார் வீரபாண்டி.

"அதத்தான் பாக்கப் போறேன்."

மின்சார வயரைக் கழற்றி வைத்தேன். மூடியின் திருகுகள் விரலாலேயே சுழன்றன. நான் கடைசியாகப் பார்த்தபோது இறுகித்தான் இருந்தன. யாரோ திறந்திருக்கிறார்கள்! மூடியைத் தூக்கியதும் சந்தன வாசம் குப்பென்று அடித்தது. கார்டைப் பிடித்து மெதுவாக உருவினேன். அடி விளிம்பில் தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும். அந்தப் பல்லுக்குள்தான் அத்தனை மின்சாரமும் ஓட வேண்டும். அதன்மேல் வரிசையாக, அழகாக, காய்ந்துபோன சந்தனம். நடுவில் குங்குமம் வேறு.

"யாரு பாத்த வேல இது?" என்று கத்தியேவிட்டேன்.

குருசாமி முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா வச்சேன்" என்றார் மெதுவாக. "வெளிய வைக்கிறது வெறும் தகரத்துக்குத்தான? வேல செய்யிறது உள்ளதான் இருக்கு. மதுரைக்காரக மாட்டும்போது தொறந்து காட்டுனாக. இது மட்டும் தங்கமா மின்னுச்சா, லட்சுமி இங்கனதான் இருக்கான்னு கழத்திப் பொட்டு வச்சு, திரும்ப மாட்டிட்டேன்."

"லட்சுமி அங்கனதான் முதலாளி இருக்கா. அவ கண்ணுலயே அப்பிட்டீக!"

ஐந்தாறு பேர் குபீரென்று சிரித்தார்கள். முதலாளிக்கே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. என் மேசையில் பென்சில் ரப்பர் இருந்தது. தங்கப் பற்களை அதனால் ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். சந்தனம் மாவாக உதிர்ந்தது. மூட்டைக்கு நம்பர் போடும் பிரஷ்களில் மை தொடாத புதுசு ஒன்றை எடுத்து, கார்டைச் சொருகும் பள்ளத்தைத் தூசி இல்லாமல் துடைத்தேன். கார்டை நேராக வைத்து இரண்டு பெருவிரலாலும் அமுக்கினேன். க்ளக் என்று உட்கார்ந்தது. வயர்களை மறுபடி மாட்டினேன். மனசுக்குள் "ஏசப்பா" என்றேன். ஸ்விட்சைப் போட்டேன்.

பிப். ஒரே ஒரு குட்டைச் சத்தம். எல்லாம் நலம் என்று அர்த்தம்! குதிக்கப் போனவள் திரையைப் பார்த்தேன். கன்னங்கரேல்.

"அடப் பாவமே" என்றார் வீரபாண்டி. இந்தத் தடவை அவர் கேலி செய்யவில்லை.

சத்தம் நன்றாக இருக்கிறது, படம் மட்டும் இல்லையா? முன்பு இருந்த சாம்பல் வெளிச்சம்கூட இப்போது இல்லையே! மானிட்டரைப் பார்த்தேன். வெளிச்சத் திருகு அடியோடு குறைத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் குருசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இதத் தொட்டீகளா?"

"நீ கார்டத் தேய்ச்சிக்கிட்டு இருந்தியா... நம்மாலான ஒத்தாசைன்னு கொஞ்சம் திருகுனேன்."

நல்ல ஒத்தாசை! திருகைத் திருப்பினேன். இருட்டுக்குள்ளிருந்து பச்சை பச்சையாக எழுத்துகள் எழும்பி வந்தன. பளிச்சென்று வந்தன! மண்டியே கைதட்டியது. மூட்டை தூக்குகிறவர்கள் விசிலடித்தார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டன. வீரபாண்டியின் பெயரை அடித்து, எடையையும் விலையையும் போட்டேன். பிரிண்டர் கிரீச் கிரீச்சென்று முதல் பில்லைத் துப்பியது. கடிகாரத்தில் பத்தரை ஆக இன்னும் நேரம் மிச்சம் இருந்தது.

முதலாளி பில்லை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "தப்பு மிஷின் மேல இல்ல, பிள்ள மேலயும் இல்ல. என் மேலதான். இனிமே சாராளு சொல்லாம இந்த மூடிய நான்கூடத் தொட மாட்டேன்."

வீரபாண்டி பில்லை மடித்துப் பையில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை. என் மேசை ஓரத்துக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "ஏத்தா, கம்பத்துல நம்ம கடைக்கும் ஒண்ணு வாங்கிப் போடலாம்னு இருக்கேன். நீ அங்கன வந்தேன்னா..."

"ஏலே வீரபாண்டி!" முதலாளி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். "பில்லுதான் வாங்கிட்டீல்ல, கிளம்பு! என் மண்டிக்குள்ளயே நின்னு என் பிள்ளையக் கூப்பிடுறியா? சாராளு எங்கனயும் வராது!"

அரை மணி நேரத்துக்கு முன்னால் என்னை வேறு இடம் பார்க்கச் சொன்ன அதே வாய்!

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றேன் வீரபாண்டியிடம், வேண்டுமென்றே, நன்றாகச் சத்தமாக. முதலாளி முகம் போன போக்கைப் பார்த்து மண்டியே சிரித்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அடுத்த பில் யாருக்கு? பேரச் சொல்லுங்க."