அடி வாங்கி வளர்ந்த ஜெனிஸ்டன்

ஜெனிஸ்டனை யார் அடித்தாலும் அவன் வளர்ந்தான். கன்னத்தில் விழும் அறைக்கு ஒரு நூலளவு, முதுகில் விழும் குத்துக்கு அரை அங்குலம், பெல்ட் அடிக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. கொட்டாஞ்சேனையில் தேவாலயத்துக்குப் பின்னால் போகும் சந்தில் இதை முதலில் கவனித்தவர் அவனுடைய தாய் ஐறீன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய தகப்பன் குடித்துவிட்டு வந்து மகனை வெளுத்த மாலைகளுக்கு மறுநாள், பள்ளிக்கூடக் காற்சட்டை முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கும். ஐறீன் மடிப்பை அவிழ்த்துத் தைத்துக் கொடுப்பார். மருந்துச்சாலை டொக்டர் அவனுடைய முதுகைத் திருப்பிப் பார்க்காமலே, வளருகிற வயசுதானே என்று சொல்லி அனுப்பினார். பதினான்கு வயதில் அவன் தகப்பனைவிட ஒரு தலை உயர்ந்து நின்றான். அதன் பிறகு தகப்பனுக்கு அவனுடைய கன்னம் எட்டவில்லை. குசினியிலிருந்து ஸ்டூலை எடுத்துவரச் சொல்லி, அதில் ஏறி நின்று அடித்தார். ஸ்டூலை எடுத்துவந்து வைத்தது ஜெனிஸ்டன்தான். ஒரு நாள் வீச்சு தவறி ஸ்டூலோடு சரிந்து இடுப்பு முறிந்த தகப்பனை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். அவர் திரும்பி வரவில்லை. சவப்பெட்டியைத் தூக்க வந்தவர்கள், இவனோடு சேர்ந்து தூக்கினால் பெட்டி ஒரு பக்கம் சரியும் என்று அவனை விலக்கி வைத்தார்கள்.

பள்ளிக்கூடம் அவனை முதலில் றக்பிக்கு எடுத்தது. பந்தை வைத்திருப்பவன் மேல் எட்டுப் பேர் விழுகிற விளையாட்டு அது. ஒரே பருவத்தில் அவன் நான்கு அங்குலம் வளர்ந்தான். அடுத்த வருடம் ஹொக்கி, தாடையிலும் முழங்கால் எலும்பிலும் மட்டையடி. கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசினான். துடுப்பெடுத்தாடும்போது நெஞ்சில் பட்ட பந்துகள் அவனை இன்னும் உயர்த்தின. கடைசியில் கூடைப்பந்துக்காரர்கள் கண்டுபிடித்து வெள்ளவத்தையில் இருந்த ஒரு கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே முழங்கை இடி தாராளமாகக் கிடைத்தது. பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் அவனுடைய பெயர் சின்ன எழுத்தில் வந்தது. இத்தனை ஆட்டத்திலும் அவன் ஒருவரையும் திருப்பி அடிக்கவில்லை. நல்ல குணம் என்று சனம் சொன்னது. அது பயம். கையை ஓங்கினால் அந்தக் கை தகப்பனுடைய கையாகத் தெரியும் என்று அவன் பயந்தான்.

வளர்வதும் சுகமாவதும் ஒன்றல்ல என்பதை அவனுக்கு யுத்தகாலம் கற்பித்தது. கொழும்பில் குண்டு வெடித்த ஒரு வாரத்தில், பயிற்சி முடிந்து வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் நின்றவனைச் சந்தேகத்தில் பொலிஸ்காரர் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். இரண்டு கிழமை ஒரு பொலிஸ் நிலையத்தின் பின்னறையில் வைத்து, மணல் நிரப்பிய குழாயால் அடித்தார்கள். நிமிர்ந்து நடந்து உள்ளே போன வாசலால் வெளியே வரும்போது அவன் குனிய வேண்டியிருந்தது. மேசையில் இருந்த அதிகாரி அடையாள அட்டைப் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "மே ஏ மினிஹாமத?" என்று பக்கத்தில் நின்றவரிடம் சிங்களத்தில் கேட்டார். அதே ஆள்தான் என்று அவர் தலையாட்டினார். அதே ஆள்தான், ஆனால் வலது காது செத்துப்போயிருந்தது. விலா எலும்பு இரண்டு கோணலாகப் பொருந்தியிருந்தன. கூடைப்பந்துக் கழகம் பயத்தில் அவனுடைய பெயரை வெட்டியது. நெற்றி கோல் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிற ஒருவனை உதைபந்தாட்டக்காரர்கள் மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கோல் காப்பாளனாக ஏழெட்டு வருடம் நின்றான். புருவம் கிழிந்து போன ஒரு நாளில் தையல் போட்ட தாதி நிஷாந்தினியைக் கலியாணம் கட்டினான். தையல் போட்டு முடிவதற்குள் புருவம் மேலே போவதைக் கண்டும் அவள் ஊசியை விடவில்லை. "கொஞ்சம் குனிஞ்சிட்டே இருங்க, முடியப்போகுது" என்று மட்டும் சொன்னாள். ஜிந்துப்பிட்டியில் அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில் கட்டிலுக்கு இரண்டு முறை பலகை கூட்டிப் போட வேண்டியிருந்தது. ஒரு அரையிறுதியில் பெனால்டியைத் தடுத்ததற்காக எதிரணிச் சனம் போத்தல்களோடு மைதானத்துக்குள் இறங்கியது. வேலிக் கம்பியைப் பிடுங்கி அவனுடைய இடது முழங்காலை உடைத்தார்கள். அன்று பொழுது படுவதற்குள் ஒரு சாண் வளர்ந்தான், ஆனால் முழங்கால் பொருந்தவேயில்லை. அத்தோடு விளையாட்டு முடிந்தது.

வெள்ளவத்தையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஷிப்லி, கடலோர ரெயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மண் மைதானத்தில் ஸீலைன் என்ற கழகத்தை நடத்தினார். அவர்தான் ஜெனிஸ்டனைப் பயிற்றுநராகக் கூப்பிட்டார். அந்த நாளிலிருந்து ஊர் அவனை அவர் என்று சொல்லத் தொடங்கியது. நாமும் அப்படியே சொல்வோம். ஜெனிஸ்டன் நல்ல பயிற்றுநர். கம்பங்களுக்கு மேலே இருந்து பார்த்ததால் மைதானத்தில் எங்கே இடம் திறக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிந்தது. செத்த காதுப் பக்கம் நின்று, பயிற்சிக்கு வராததற்குச் சாட்டுச் சொல்லும் பிள்ளைகளை அவர் திட்டியதுமில்லை. ஸீலைன் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு ஏறியது.

அந்த அணியில் ராகுலன் என்ற பதினாறு வயதுப் பெடியன் இடது ஓரத்தில் ஓடினான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வங்கியில் முகாமையாளராக இருந்த இராசரத்தினத்தின் ஒரே மகன். கட்டையன், காற்று மாதிரி ஓடுவான், கோபக்காரன். ஒரு ஆட்டத்தில் விசில் ஊதிய பிறகு, விழுந்து கிடந்த எதிரணிப் பெடியனின் வாயில் பூட்ஸ் காலால் மிதித்தான். பல் உடைந்து இரத்தத்தோடு மண்ணில் விழுந்ததை எல்லோரும் கண்டார்கள். ராகுலன் சிரித்தபடி கோட்டுக்கு வெளியே வந்தான். ஜெனிஸ்டன் குனிந்து அவனை ஓங்கி அறைந்தார். அவருடைய வாழ்க்கையில் அவர் அடித்த முதல் அடி அது. அடித்த கையை விரித்துப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தவர் ஆட்டம் முடியும்வரை எழும்பவில்லை.

மறுநாள் ராகுலன் இரண்டு அங்குலம் வளர்ந்து வந்தான்.

அடுத்த ஆட்டத்தில் அவன் தலையால் இரண்டு கோல் போட்டான். அந்த மாலை இராசரத்தினம் கேக் பெட்டி ஒன்றோடு மைதானத்துக்கு வந்தார். பயிற்றுநர் மன்னிப்புக் கேட்க வாய் திறக்க முதல் அவர் பேசத் தொடங்கிவிட்டார். "சேர், நீங்கள் ஒண்டும் யோசிக்காதேங்கோ. பத்து வருஷமாப் பால், முட்டை, மருந்து எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. உங்கட ஒரு அறைக்கு ரெண்டு அங்குலம். தேசிய அணிக்கு ஆள் எடுக்க முதல் இன்னும் நாலு வேணும். அடியுங்கோ, என்ர பிள்ளைதானே."

ஜெனிஸ்டன் கேக் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

செய்தி வெள்ளவத்தையின் கடலோர ஒழுங்கைகளில் ஏறி, ஹெவ்லொக் டவுன் வரைக்கும் போனது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோர் வரத் தொடங்கினார்கள். கூடைப்பந்துக்கு ஆசைப்பட்டவர்கள், மகளுக்கு விமானப் பணிப்பெண் வேலை பார்ப்பவர்கள், வகுப்பில் உயரம் போதாமல் முன்வாங்கில் இருத்தப்படுபவர்களின் தாய்மார். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கன்னம் வேண்டாம், முகத்தில் அடையாளம் விழும், முதுகில் போடுங்கள் என்றார்கள். அவர் மறுக்க மறுக்கக் கூட்டம் கூடியது. ஷிப்லி அவரைக் கடைக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துச் சொன்னார்: "மச்சான், நான் அடிக்கச் சொல்லல்ல. சும்மா ஒரு தட்டு. நம்மட டீம் முதலாம் பிரிவுக்குப் போகும். பிள்ளயளும் விருப்பம், வாப்பா உம்மாவும் விருப்பம். யாருக்கு என்ன நட்டம்?"

"நான் எப்பிடி வளந்தேன்னு உங்களுக்குத் தெரியாது ஷிப்லி."

"வளந்தீங்கதானே" என்றார் ஷிப்லி. அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

இராசரத்தினம் பொறுமையிழந்தார். கைராசி பயிற்றுநருக்கு மட்டுமா என்று தானே பார்த்துவிட நினைத்தார். மகனைத் தொடர்மாடி வீட்டின் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, திரைச்சீலை போடும் இரும்புக் கம்பியால் ஒரு பின்னேரம் முழுக்க அடித்தார். ராகுலன் ஒரு நூலும் வளரவில்லை. சாதாரணப் பிள்ளைகளுக்கு நடப்பதுதான் நடந்தது, தோல் கிழிந்தது, வலது கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் அந்தக் கைக்கு மாவுக்கட்டுப் போட உதவியது நிஷாந்தினி. முதுகில் கம்பி வரிகளைக் கண்டும், மாடிப்படியில் விழுந்தான் என்று தகப்பன் சொன்னதையே எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து புருஷனிடம் உண்மையைச் சொன்னாள்.

ஜெனிஸ்டன் நொண்டிக் காலோடு நான்கு மாடி ஏறினார், ஒவ்வொரு வளைவிலும் தலையை மடக்கிக்கொண்டு. கதவைத் திறந்த இராசரத்தினத்தை ஒரு கையால் கழுத்தில் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். மறு கையை ஓங்கினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் நடைபாதைக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கண்டது இதுதான்: இராசரத்தினம் தப்பப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய குதிகால்கள் தரையிலிருந்து எழும்பின. ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே இருந்த அந்த மனிதர் நுனிக்காலில் நின்று அடிக்காகக் காத்திருந்தார். "போடுங்கோ சேர்" என்று மெதுவாகச் சொன்னார்.

ஓங்கிய கை இறங்கியது, ஆனால் அடியாக இறங்கவில்லை. ஜெனிஸ்டன் உள்ளே போய் ராகுலனின் மாவுக்கட்டில்லாத கையைப் பிடித்தார். "வர்றியா?" என்று கேட்டார். பெடியன் செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வந்தான்.

ஊர் பொறுத்துக்கொண்டது அதுவரைக்கும்தான். அடுத்த பயிற்சி நாளில் பெற்றோர் பொல்லுகளோடும் கிரிக்கெட் ஸ்டம்புகளோடும் ஷிப்லியின் கடையில் வாங்கிய தண்ணீர்க் குழாய்களோடும் வந்தார்கள். படலையைத் திறந்துவிட்டு ஷிப்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய கணக்கு எளிமையானது. அடித்தால் எந்த மனிதனும் ஒரு கட்டத்தில் திருப்பி அடிப்பான், அப்போது பிள்ளைகளை முன்னால் தள்ளிவிட வேண்டும். பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினார்கள். சின்னதுகள் அழுதன. ஜெனிஸ்டன் நிலைமையை விளங்கிக்கொண்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டினார், விரல்களை விரல்களுக்குள் கோத்து.

முதல் குழாய் பழைய முழங்காலில் விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் ரெயில் பாதை வரைக்கும் கேட்டது. பிறகு விலா, தோள், வாய். பல்லைத் துப்பினார். ஒரு தாய், செத்த காதின் மேலேயே ஸ்டம்பால் திரும்பத் திரும்பக் குத்தினாள். அவர் வளர்ந்தார். காது எட்டாமல் போனபோது தோளில் அடித்தார்கள், தோள் எட்டாமல் போனபோது இடுப்பில். இரத்தம் மேலே இருந்து மழை போலச் சொட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வந்த பிள்ளைகளை நனைத்தது. "இப்ப அடிப்பான், இப்ப அடிப்பான்" என்று கத்தினார்கள். அவர் அடிக்கவில்லை. தென்னை உயரத்தில் இருந்து அவர் ஏதோ சொன்னார், காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோனது. கீழே அவர்களுக்கு எட்டியது இரண்டு கணுக்கால்கள் மட்டும். கணுக்காலை அடித்துக் கை சோர்ந்து ஒவ்வொருவராக விட்டார்கள். கடைசிவரை அடித்தது இராசரத்தினம். குழாய் வளைந்து கையிலிருந்து விழுந்ததும் அந்தப் பெரிய பாதத்தின் மேலேயே உட்கார்ந்து, "என்னை ஒருத்தரும் நிமிந்து பாத்ததில்லை" என்று சத்தம் போட்டு அழுதார். ராகுலன் ஓடிவந்து, தகப்பனுக்கும் பயிற்றுநரின் காலுக்கும் நடுவில், மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.

நிஷாந்தினி மின்சாரசபை ஆட்களின் ஏணியைக் கேட்டு வாங்கி, அதில் ஏறி நெற்றிக் காயத்துக்குத் தையல் போட்டாள். முறிந்தவை முறிந்தபடியே பொருந்தின. இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஜெனிஸ்டனுக்கு இப்போது வீடு இல்லை, வீடு கொள்ளாது. ரெயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே கற்களில் சாய்ந்து தூங்குகிறார். நிஷாந்தினி பக்கத்தில் கூடாரம் அடித்திருக்கிறாள். காலி நகருக்குப் போகும் ரெயிலின் ஓட்டுநர்கள் அவரைக் கடக்கும்போது கால் தண்டவாளத்தில் நீண்டிருக்கிறதா என்று பார்க்க வேகத்தைக் குறைக்கிறார்கள். ராகுலனைத் தேசிய அணிக்கு எடுக்கவில்லை. அந்த இரண்டு அங்குலத்துக்கு மேல் அவன் வளரவுமில்லை. முறிந்த கை கோணலாகவே இருக்கிறது, ஆனால் இடது ஓரத்தில் இன்னும் காற்று மாதிரி ஓடுகிறான். ஒருவரையும் மிதிப்பதில்லை. ஸீலைன் ஒரு ஆட்டம் வெல்லும், இரண்டு தோற்கும். பயிற்றுநர் சொல்வது கீழே வந்து சேர்வதற்குள் பந்து வேறு காலுக்குப் போய்விடுகிறது.

அந்த மைதானத்தில் மரம் ஒன்றும் கிடையாது. பின்னேர வெயில் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும். ஆட்டம் பார்க்க வரும் பெற்றோர், அடித்தவர்கள் உட்பட, ஜெனிஸ்டனின் நிழலில் பாய் விரித்து உட்காருகிறார்கள். போன மாதம் கொலன்னாவையிலிருந்து விளையாட வந்த அணியின் ஆள் ஒருவர் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தபடி, அது யார் என்று கேட்டார். "எங்கட கோச்" என்றார் இராசரத்தினம், பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு. "கொஞ்சம் உங்கால தள்ளி இருங்கோ. நிழல் நகருது."